ஒருவர் மட்டும் தாண்டினால் போதும்

ஜூன் 3

‘ஸ்டிக் இட்’ படத்தை மறுபடியும் போட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஜிம்னாஸ்டிக்ஸைப் பற்றி 2006-இல் வந்த அமெரிக்கப் படம். எழுதி இயக்கியவர் ஜெசிகா பெண்டிங்கர். பதின்வயதினருக்கான நகைச்சுவை என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. விளையாட்டில் மதிப்பெண் போடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று இவ்வளவு நேராகக் கேட்ட படங்கள் குறைவு.

கதை எளியது. உலகப் போட்டியின் நடுவே அணியை விட்டு வெளியேறி, எல்லோருடைய கோபத்தையும் சம்பாதித்தவள் ஹேலி. சைக்கிள் சாகசம் செய்கிறேன் என்று கட்டி முடிக்காத ஒரு வீட்டைச் சேதப்படுத்தி நீதிபதி முன் நிற்கிறாள். விட்டு ஓடிய ஜிம்னாஸ்டிக்ஸுக்கே திரும்பிப் போவதுதான் அவளுக்கான தண்டனை. ஹேலியாக மிஸ்ஸி பெரிக்ரிம், பயிற்சியாளர் விக்கர்மனாக ஜெஃப் பிரிட்ஜஸ்.

ஜூன் 4

இன்று பயிற்சிக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பீம், அதாவது பெண்கள் ஏறி நின்று சாகசம் செய்யும் நீண்ட கட்டை, அதன் அகலம் 10 செ.மீ.தான். உள்ளங்கையை விரித்து வைத்தால் விரல்கள் அந்தப் பக்கம் வழியும். தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில், அந்த அகலத்துக்குள், பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு இரண்டு பாதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்க வேண்டும். முதுகு வளையும்போது கண்ணுக்குக் கட்டை தெரியாது. கைகள் தொட்ட பிறகுதான் அது அங்கே இருப்பது உறுதியாகும்.

பெண்கள் விழுவதைப் படம் அடுக்கடுக்காகக் காட்டுகிறது. சிரிப்பு வருகிறது, வந்த வேகத்தில் அடங்கியும் விடுகிறது. ஹேலிக்காகக் கடினமான அசைவுகளைச் செய்தவர்களில் ஒருவர் பிரான்சின் ஒலிம்பிக் வீராங்கனை இசபெல் செவெரினோ. உண்மையான உடல் உழைப்பு திரையில் இருப்பதால்தான் அந்த வீழ்ச்சிகள் வலிக்கின்றன.

ஜூன் 7

வால்ட் காட்சிக்கு வந்துவிட்டேன். ஓடிவந்து, மேசை போன்ற ஒரு கருவியில் கைகளை ஊன்றித் தாண்டும் பிரிவு அது.

தேசியப் போட்டி. ஹேலியுடன் பயிலும் மீனா ஓடிவந்து, தாண்டி, அசையாமல் தரையிறங்குகிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மதிப்பெண் பலகையில் பத்துக்கு 9.5. உள்ளாடையின் பட்டி வெளியே தெரிந்ததாம், அதற்காகக் கழித்தார்களாம். அடுத்து ஹேலியின் முறை. அவள் நடுவர்களுக்குத் தன் பட்டியை வெளியே இழுத்துக் காட்டுகிறாள். தாண்டாமல் முயற்சியைக் கைவிடுகிறாள். அவளுக்குப் பின் வருபவளும் கைவிடுகிறாள். அதற்கடுத்தவளும். வரிசை முழுவதும் விலகிக்கொள்ள, தங்கம் மீனாவுக்குப் போகிறது.

இந்தக் காட்சியின் அழகு, ஒரு விதியைக்கூட அவர்கள் மீறவில்லை என்பதில் இருக்கிறது. கைவிடும் உரிமை விதிப்புத்தகத்திலேயே உள்ளது. யார் சிறந்தவள் என்று தங்களுக்குள் முடிவுசெய்து, அவளை மட்டும் முழுமையாக ஆடவிட்டால், நடுவர்கள் என்ன எண்ணைப் போட்டாலும் முதலிடம் மாறாது. பல ஆண்டுகள் பயின்று வந்த போட்டியில் தன் வாய்ப்பை இன்னொருத்திக்காக விட்டுக்கொடுப்பது லேசான காரியமா? படம் முழுக்க ஒருவரையொருவர் குத்திப் பேசியவர்கள் இதைச் செய்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஜூன் 8

நிஜத்திலும் நடுவர்களை எதிர்த்து அரங்கம் கொதித்ததுண்டு. 2004, ஏதென்ஸ் ஒலிம்பிக், உயரத்தில் கிடையாக மாட்டிய கம்பியில் சுழலும் ஆண்கள் ஹைபார் இறுதி. ரஷ்யாவின் அலெக்ஸி நெமோவ் கம்பியை விட்டுவிட்டுப் பறந்து பிடிக்கும் அசைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்து காட்டினார். கிடைத்தது 9.725. பார்வையாளர்கள் கூச்சலை நிறுத்தவே இல்லை. மதிப்பெண்ணை 9.762 ஆக உயர்த்திய பிறகும் கூச்சல் தொடர்ந்தது. கடைசியில் நெமோவே மேடையேறி, அடுத்த வீரர் ஆட வேண்டும், அமைதியாக இருங்கள் என்று கையசைத்துக் கேட்டுக்கொண்டார். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த இறுதிப் போட்டி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அவர் முகம்தான்.

ஜூன் 10

படம் வெளியான அதே 2006-இல் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு பத்துக்குப் பத்து என்ற முறையைக் கைவிட்டது. 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனிய வீராங்கனை நாடியா கொமனேச்சி பத்து வாங்கியபோது, பலகையில் அதைக் காட்ட வழியில்லாமல் 1.00 என்று ஒளிர்ந்ததே, அந்தப் பத்து. இப்போது கடினத்தன்மைக்குத் தனி எண், செய்நேர்த்திக்குத் தனி எண். கடினத்தன்மைக்கு உச்சவரம்பு இல்லை. இந்த மாற்றம் தேவைப்பட்டதுதான். ஆனாலும் கழிக்கும் பேனா நடுவர்களின் கையில்தான் இருக்கிறது.

ஜூன் 12

படத்தில் எனக்கு ஒரு மனக்குறை. ஹேலி அன்று வெளியேறியதற்குக் காரணம், தன் தாய்க்கும் தன் பயிற்சியாளருக்கும் இருந்த உறவு போட்டிக்குச் சற்று முன்பு தெரியவந்தது. இவ்வளவு கனமான ஒன்றைச் சொல்லிவிட்டு படம் அவசரமாகக் கடந்துபோகிறது. பெரியவர்களை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் கதை இது. 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில், அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்துகொண்டு பாலியல் கொடுமை செய்த லாரி நாசருக்கு எதிராக 150-க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து பேசியதை அறிந்தவர்களால் அந்த இடத்தைச் சுலபமாகத் தாண்ட முடியாது. பயிற்சியாளர்கள் பெற்றோருக்கு ஒலிம்பிக் கனவை விற்கிறார்கள் என்று ஹேலி பொரிந்து தள்ளுவதை இன்று கேட்டால், அதில் அடாவடி தெரியவில்லை, எச்சரிக்கைதான் தெரிகிறது.

வால்ட்டைத் தொடர்ந்து மற்றப் பிரிவுகளிலும் பெண்கள் தாங்கள் தேர்ந்தவளை மட்டும் ஆடவிட, நடுவர்களின் செல்லப்பிள்ளையான டிரிஷா என்ற வீராங்கனை கடைசியில் களமிறங்குகிறாள். அவள் ஆடினால் திட்டமே பாழ். அவளும் பட்டியை இழுத்துக் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறாள். விதிகளால் மிக அதிகமாக லாபம் அடைந்தவளும் மற்ற பெண்களின் பக்கம் வந்து நின்றாளே, படத்தில் ஆகத் துணிச்சலான செயல் அதுதான் என்பேன்.