பிரிண்டருக்குக் கலர் அளக்கும் கருவி வாங்க நான் அலைந்த கதை

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வீட்டு போட்டோ பிரிண்டருக்குப் புரொபைல் (ஒரு தாளில் நிறம் சரியாக விழ மையை எப்படிக் கலக்கவேண்டும் என்று சொல்லும் கோப்பு) செய்யும் கருவி வாங்க யோசிப்பவர்கள், கொழும்புக்கு பஸ் ஏற முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள். எனக்கு வந்த அலைச்சல் இன்னொருவருக்கு வரவேண்டாம்.

என்னிடம் இருப்பது எப்சன் எல்805. ஆறு நிற மை, ஒரிஜினல் மைதான் ஊற்றுகிறேன். தாள் மட்டும் கஸ்தூரியார் வீதிப் பக்கம் கிடைக்கிற, கம்பனிப் பெயர்கூட ஒழுங்காக இல்லாத கிளொஸி. சிக்கல் அங்கேதான். பிரிண்டரோடு வருகிற புரொபைல்கள் எப்சனின் சொந்தத் தாள்களுக்கானவை. இந்தத் தாளுக்கு யாரும் புரொபைல் செய்து வைக்கவில்லை. அண்ணாவின் கலியாணப் படங்களை அடித்தபோது அண்ணியின் கூறைச்சேலை அரக்குச் சிவப்பை இழந்து செங்கல் நிறமாக வந்தது. முகங்களில் மெல்லிய பச்சை. திரையை முன்னமே ஒரு நண்பரின் கருவியால் சரிசெய்திருந்ததால் பிழை திரையில் இல்லை என்பது எனக்குத் தெளிவு.

கொழும்பில் ஒரு கடைக்குப் போன் எடுத்தேன். "தாளில இருக்கிற நிறத்தை வாசிக்குமோ, இல்லாட்டி திரைக்கு மட்டுமோ?" என்று இரண்டு முறை அழுத்திக் கேட்டேன். "எல்லாத்துக்கும் வரும் தங்கச்சி, பிரிண்டருக்கும் செய்யும், வாங்கோ" என்றார். இரவு பஸ்ஸில் போய் இறங்கி, கடை திறக்கும்வரை வாசலில் நின்றேன். எடுத்து வைத்த பெட்டியின் பின்பக்கத்தில் மொனிட்டர், லப்டொப், புரொஜெக்டர் படங்கள் இருந்தன. பிரிண்டர் படமே இல்லை. அதைச் சுட்டிக் காட்டினால், "திரை சரியெண்டால் பிரிண்டும் சரியா வரும்தானே" என்கிறார். பெட்டியைத் திறந்து காட்டவும் மாட்டார், திறந்தால் வாங்கத்தான் வேண்டுமாம். கடைசியில், சரியான கருவியை ஓடர் பண்ணித் தருகிறேன், முற்பணம் கட்டுங்கோ என்றார். போனில் இதைச் சொல்லியிருந்தால் ஒரு இரவும் ஒரு பகலும் எனக்கு மிஞ்சியிருக்கும். கட்டாமல் திரும்பிவிட்டேன்.

கடைக்காரர் சொல்லாததை நான் சொல்கிறேன். திரையில் தொங்கவிடுகிற கலரிமீட்டருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. திரை தானே ஒளி விடுவதால் அதற்கு அது போதும். தாள் ஒளி விடாது. அதன்மேல் வெளிச்சம் பாய்ச்சி, திரும்பி வருகிற ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்க ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வேண்டும். அதனால் கடையில் "பிரிண்டருக்கு வருமா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்பார்கள். "கருவிக்குள்ளே விளக்கு இருக்கா, எரிய வைச்சுக் காட்டுங்கோ" என்று கேளுங்கள்.

வீட்டுக்கு ஏற்ற கருவிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். எக்ஸ்ரைட் கம்பனியின் கலர்மங்கி போட்டோ பிறகு ஐ1ஸ்டூடியோ ஆனது. 2021இல் கலிபிரைட் என்ற கம்பனி அந்த வரிசையை எடுத்த பிறகு அது கலர்செக்கர் ஸ்டூடியோ. பழைய பெயர்களில் தேடினால் பாவித்தவை மலிவாக அகப்படும். டேட்டாகலரின் ஸ்பைடர்பிரிண்டையும் பார்த்தேன். அதற்குத் தாளில் அடித்து அளக்கவேண்டிய நிறக் கட்டங்கள் 225, இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் 729. அத்தோடு, அளந்ததைப் புரொபைலாக்கும் ஆர்கில் என்கிற இலவச மென்பொருளோடு அது சேராது. எனக்கு அந்த மென்பொருள் முக்கியம், அதனால் விட்டுவிட்டேன்.

அடுத்தது பாவித்த ஐ1புரோ ஒன்று, அதுவும் எக்ஸ்ரைட்டின் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்தான். விளம்பரம் போட்டவர் பக்கத்து ஊர்தான் என்பதால் நேரே போனேன். இந்தக் கருவியோடு ஒரு வெள்ளை ஓடு பதித்த தட்டு வரும். ஒவ்வொரு முறை அளக்க முதலும் கருவி அந்த வெள்ளையைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்த ஓட்டின் வெள்ளை எவ்வளவு என்ற அளவு கருவிக்குள்ளேயே பதிந்திருப்பதால், தட்டில் உள்ள தொடரிலக்கமும் கருவியில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும். போன் வெளிச்சத்தில் பிரட்டிப் பார்த்தேன், இரண்டும் வேறு. "வெள்ளை வெள்ளைதானே பிள்ளை" என்றார் விற்றவர். இல்லை. வேறு கருவியின் ஓட்டை வைத்து அளந்தால் எல்லா அளவும் சேர்ந்து பிழையாகும். பாவித்த ஐ1புரோ வாங்குகிறவர்கள் காசை நீட்ட முதல் இந்த இரண்டு இலக்கங்களின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

முடிவில் லண்டனில் இருக்கும் மச்சாள் ஊருக்கு வந்தபோது பாவித்த கலர்மங்கி ஒன்றைக் கைப்பையில் கொண்டுவந்தாள். அதில் வெள்ளை ஓடு கருவிக்குள்ளேயே இருக்கிறது, தொலைய வழியில்லை. கிரேம் கில் எழுதிய ஆர்கில்லோடு அது நன்றாக ஓடுகிறது. விண்டோஸில் மட்டும் ஆர்கில்லின் டிரைவரைப் போட்டால் கம்பனி மென்பொருளுக்குக் கருவி தெரியாது. இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கட்டத் தாளை அடிக்கும்போது கவனம் வேண்டும். எந்தக் கலர் மாற்றமும் இல்லாமல் அடிக்கவேண்டும். போட்டோஷொப் சிஎஸ்5 முதல் அதற்கான தெரிவை எடுத்துவிட்டார்கள், பதிலாக அடோபி கலர் பிரிண்டர் யூட்டிலிட்டியை இலவசமாகத் தருகிறார்கள். எப்சன் டிரைவரிலும் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' போடுங்கள். பிறகு தாளைக் காயவிடுங்கள். நான் செய்தது மாரி மழைக்குள். கை வைத்தால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், நிறம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு இரவாவது விடுங்கள். அளக்கும்போது அடியில் அதே தாளில் நாலைந்து வைத்தால் மேசையின் நிறம் ஊடுருவாது. கருவியை ஒரே வேகத்தில் இழுத்தால் கட்ட வரிகளைப் பிழையில்லாமல் வாசிக்கும்.

இன்னொன்று. மலிவுத் தாள்களில் வெள்ளையைக் கூட்டிக் காட்டும் இரசாயனம் நிறைய, வெயிலில் உள்ள புற ஊதா பட்டு அது நீலமாக ஒளிரும். கலர்மங்கியின் விளக்கில் புற ஊதா இல்லாததால் அந்த நீலம் அதற்குத் தெரியாது. பகல் வெளிச்சத்தில் என் படங்களின் வெள்ளை ஒரு துளி குளிர்ச்சியாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். அது உறுத்துமென்றால் புற ஊதாவையும் சேர்த்து அளக்கும் எம்1 முறை உள்ள ஐ1புரோ 2க்குச் சேமியுங்கள். எனக்கு இது போதும்.

புரொபைல் போட்டு அடித்த முதல் படத்தை அண்ணியிடம் கொடுத்தேன். அவ அலுமாரியில் இருந்த கூறையை எடுத்துக்கொண்டு முன்விறாந்தைக்கு வந்து, படத்தைச் சேலைக் கரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தா. சிவப்பு சேர்ந்தது. சரிகையின் மஞ்சள் கொஞ்சம் மங்கல்தான், மினுக்கம் தாளில் வராது. முகத்தில் பச்சை அறவே இல்லை.

ஒரே ஒரு தாளில் மட்டும் அடிப்பவர்கள் கருவிக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. கட்டத் தாளை அடித்துத் தபாலில் அனுப்பினால் அளந்து புரொபைல் அனுப்பும் சேவைகள் வெளிநாட்டில் இருக்கின்றன. என்னைப்போல் கடையில் கிடைக்கிற தாளை வாங்குபவர்களுக்குத்தான் கருவி கையில் வேண்டும். போன முறை அதே உறையில் வேறு பூச்சுள்ள தாள் வந்தது, அன்று இரவே புதுக் கட்டத் தாள் அடித்துக் காயப் போட்டேன்.