ட்ரக் ஓட்டுநரின் தூக்கத்தை யார் அளப்பது?

அமெரிக்காவில் சரக்கு ட்ரக் ஓட்டுபவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் அதிகபட்சம் 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம் என்பது மத்திய அரசின் விதி. 2017 டிசம்பருக்குப் பிறகு பெரும்பாலான ஓட்டுநர்கள் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதுவதில்லை. எஞ்சினோடு இணைத்த மின்னணுக் கருவியே வண்டி எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பதைப் பதிந்துகொள்கிறது. ஆனால் வண்டி நின்ற அந்த 10 மணி நேரத்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பின்கட்டிலில் படுத்திருந்த மனிதர் உண்மையில் தூங்கினாரா என்பதை அந்தக் கருவியால் சொல்ல முடியாது. தூக்க ஆய்வகம் ஒன்றில் இரவுப் பணி செய்யும் டெக்னீஷியன் என்ற முறையில், ஓய்வு விதியை ஒரு நிமிடம்கூட மீறாத ஓட்டுநர்கள் பல ஆண்டுகளாகச் சரியாகத் தூங்காமலே இருப்பதை நான் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற குளிர்காலத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஓட்டுநர் ஒருவர் வந்தார். தலையிலும் தாடையிலும் கால்களிலும் ஒயர்களை ஒட்டி, மார்பிலும் வயிற்றிலும் பட்டைகளைக் கட்டி, மூக்குக்குக் கீழே மெல்லிய குழாயைப் பொருத்தி முடிக்க முக்கால் மணி நேரமாகும். அதற்குள் அவர் நாற்காலியிலேயே இரண்டு முறை கண்ணயர்ந்துவிட்டார். படுத்த மறுகணமே தூங்கிவிடும் தனக்கு இந்தச் சோதனை எதற்கு என்று கேட்டார். விளக்கை அணைத்த 3 நிமிடத்தில், சொன்னபடியே தூங்கியும் போனார். சிறிது நேரத்தில் திரையில் மூச்சுக்காற்றைக் காட்டும் கோடு தட்டையானது. மார்பும் வயிறும் மட்டும் காற்றை இழுக்கப் போராடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. 20 விநாடி, 30 விநாடி, 40 விநாடி. இரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்திலிருந்து 79க்கு இறங்கியது. பிறகு பெரிய உறுமலோடு உடல் தூக்கிப்போட, மூச்சு திரும்பியது. சில விநாடிகள் கழித்து மறுபடியும் அதே கதை. மணிக்கு 62 முறை இப்படி நடந்தது. காலையில் கேட்டபோது, இரவில் ஒருமுறைதான் விழித்ததாக அவருக்கு நினைவிருந்தது.

ஸ்லீப் அப்னியா என்பது இதுதான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன. மூச்சு குறைந்தது 10 விநாடி நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுகிறோம். மூச்சு முழுதாக நிற்பதையும் ஓரளவு குறைவதையும் சேர்த்து மணிக்கு 5 முதல் 15 வரை வந்தால் லேசானது, 30ஐத் தொட்டால் கடுமையானது. ஒவ்வொரு முறையும் மூளை சில விநாடிகள் விழித்துத்தான் மூச்சை மீட்கிறது என்பதால், இந்த நோயுள்ளவர் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் ஆழ்ந்த தூக்கம் அவருக்குக் கிடைப்பதில்லை. படுத்தவுடன் தூங்கிவிடுவதை நம்மில் பலர் ஆரோக்கியத்தின் அடையாளமாக எண்ணிப் பெருமைப்படுகிறோம். எங்கள் ஆய்வகத்தில் அது பெரும்பாலும் சேர்ந்துபோன தூக்கக் கடனின் அடையாளம்.

மாநிலம் விட்டு மாநிலம் கனரக வண்டி ஓட்டுபவர்கள் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்குச் சென்று, ஓட்டுநர்கள் மெடிக்கல் கார்டு என்று அழைக்கும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். 2014 மே மாதத்திலிருந்து மத்தியப் பதிவேட்டில் இடம்பெற்ற பரிசோதகர்கள் மட்டுமே இதைச் செய்யலாம். பார்வைக்கும் செவிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் விதிகளிலோ வழிகாட்டுதல்களிலோ எண்கள் இருக்கின்றன. தூக்கத்துக்கு அப்படி எந்த எண்ணும் இல்லை. வண்டியைப் பாதுகாப்பாக ஓட்டுவதைப் பாதிக்கக்கூடிய சுவாசக் கோளாறு இருக்கக்கூடாது என்று பொதுவாக ஒரு வரி இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில், தூங்கும்போது மூச்சு நிற்கிறதா, பகலில் தூக்கம் வருகிறதா, பலத்த குறட்டை உண்டா என்று ஒரு கேள்வியும், இதற்கு முன் தூக்கப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று இன்னொரு கேள்வியும் இருக்கின்றன. ஆம் என்று குறியிட்டால் வேலைக்கு ஆபத்து என்று அஞ்சும் ஒருவர் அங்கே எதைக் குறிப்பார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அவர் பொய் சொல்ல நினைக்காவிட்டாலும், தன் மூச்சு நிற்பது தூங்குபவருக்கு எப்படித் தெரியும்? அதை அறிந்தவர் பக்கத்தில் படுக்கும் மனைவிதான். மாதத்தில் மூன்று வாரம் அவரும் பக்கத்தில் இருப்பதில்லை.

விதி கொண்டுவரும் முயற்சி நடக்காமல் இல்லை. 2009 ஜூனில் ஓக்லஹோமா மாநிலத்தின் மயாமி ஊருக்கு அருகே, நெடுஞ்சாலையில் தேங்கி நின்ற கார் வரிசையில் ஒரு ட்ரக் மோதி 10 பேர் இறந்தார்கள். ஓட்டுநரின் களைப்புக்கான காரணங்களில் தூக்கக் குறைவோடு லேசான ஸ்லீப் அப்னியாவையும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குறிப்பிட்டது. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் பயணிகள் ரயில் ஒன்று மணிக்கு 30 மைல் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவில் 82 மைல் வேகத்தில் தடம் புரண்டு நால்வர் இறந்தபோது, அதை ஓட்டியவருக்கும் அதுவரை கண்டறியப்படாத கடுமையான அப்னியா இருந்தது தெரியவந்தது. அதே 2013 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம், ஓட்டுநர்களின் தூக்கக் கோளாறு தொடர்பாக எதைக் கொண்டுவந்தாலும் வெறும் வழிகாட்டுதலாக வெளியிடாமல் முறையான விதியாக்க நடைமுறை மூலமே கொண்டுவர வேண்டும் என்று சட்டம் இயற்றியிருந்தது. 2016 மார்ச்சில் சாலைத் துறையும் ரயில் துறையும் சேர்ந்து அந்த நடைமுறையைத் தொடங்கின. 2017 ஆகஸ்ட்டில் கைவிட்டன. இதனால் இன்றும் முடிவு பரிசோதகரின் சொந்தக் கணிப்பில்தான் நிற்கிறது. தடித்த கழுத்து இந்த நோயின் அடையாளமாக இருக்கலாம் என்பதால் ஒருவர் கழுத்தை டேப்பால் அளந்து, 17 அங்குலத்துக்கு மேல் என்றால் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். அடுத்த தெருவில் இருப்பவர் கழுத்தைப் பார்ப்பதுகூட இல்லை. எந்த மருத்துவமனையில் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற செய்தி ட்ரக் ஸ்டாப்புகளில் வாய்வழியாகப் பரவுவதற்கு இதுவே காரணம்.

2016இல் மருத்துவ ஆலோசனைக் குழு தந்த பரிந்துரை எனக்கு நியாயமாகவே தோன்றுகிறது. உயரத்துக்கு ஏற்ற எடையா என்பதைக் காட்டும் உடல் நிறை குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நேரடியாகத் தூக்கப் பரிசோதனை. 33 முதல் இருந்தால், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், பலத்த குறட்டை, குறுகிய தொண்டை, 42 அல்லது அதற்கு மேற்பட்ட வயது என்பன போன்ற காரணிகளில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். ஆனாலும் எடையை முன்னிறுத்தும் சல்லடையில் பலர் நழுவிவிடுவார்கள். ஆசியர்களுக்குத் தாடை அமைப்பின் காரணமாகக் குறைந்த எடையிலேயே இந்த நோய் வருவதுண்டு. இந்த நாட்டின் சாலைகளில் பஞ்சாபி ஓட்டுநர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால் இது சிறிய விஷயம் அல்ல.

பரிசோதனையைக் கட்டாயமாக்கி, அதன் சுமை முழுவதையும் ஓட்டுநரின் தலையில் இறக்குவதை நான் ஏற்கமாட்டேன். சோதனைச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் வருமான இழப்பு, கார்டு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் எல்லாம் சேரும்போதுதான், வீட்டில் மாட்டிக்கொள்ளத் தரும் சோதனைக் கருவியை மகனின் கையில் கட்டிவிடும் அளவுக்கு மனிதர்கள் போகிறார்கள். அதற்காகவே இப்போது கழற்றினால் காட்டிக்கொடுக்கும் கைப்பட்டையோடு கருவிகள் வருகின்றன. மாறாக, ஷ்னைடர் என்ற ட்ரக் நிறுவனம் தன் ஓட்டுநர்களுக்குத் தன் செலவிலேயே சோதனையும் சிகிச்சையும் அளித்தது. அந்த ஓட்டுநர்களைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வில், நோய் இருந்தும், முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் சிகிச்சைக் கருவியைப் பயன்படுத்தாதவர்களிடம் தவிர்த்திருக்கக்கூடிய கடும் விபத்துகளின் விகிதம் நோயற்றவர்களுடையதைப் போல் ஐந்து மடங்காக இருந்தது. ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களோ நோயற்றவர்களைப் போலவே ஓட்டினார்கள். சிகிச்சை பெறுபவர் ஓட்டத் தகுதியற்றவர் அல்லர் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

நான் சொன்ன அந்த ஓட்டுநருக்கு அன்று இரவு இரண்டு மணிக்கே முகமூடியைப் பொருத்தி, சி-பேப் கருவியால் காற்றழுத்தம் கொடுக்கத் தொடங்கினேன். அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்த, கோடு சீரானது. பிறகு அவர் அசையாமல் உறங்கினார். விடியற்காலையில் எழுந்தவர், இத்தனை ஆண்டுகளில் கனவு கண்டதே நினைவில்லை, இன்று கண்டேன் என்றார். மூன்று மாதம் கழித்துக் கருவியின் பதிவை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். குறைந்தது 4 மணி நேரமாவது 70 சதவீத இரவுகளில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது பரிசோதகர்கள் பொதுவாகக் கேட்கும் அளவு. அவர் 90 இரவுகளில் 79 இரவுகள் பயன்படுத்தியிருந்தார். மூச்சுத் தடை மணிக்கு 62இலிருந்து 3க்கு வந்திருந்தது. இரண்டு ஆண்டுக்குப் பதிலாக ஓராண்டுக்கு கார்டு கிடைத்தது.

விட்டுப்போன 11 இரவுகளைப் பற்றிக் கேட்டேன். இரவில் எஞ்சினை ஓடவிடக் கூடாது என்பது அவருடைய நிறுவனத்தின் கட்டளை. எஞ்சினை அணைத்தால் பின்கட்டிலில் கருவிக்கு மின்சாரம் இல்லை. மேலாளரிடம் மூன்று முறை கேட்டும் பதில் வராததால், கடைசியில் தன் பணத்திலேயே ஒரு பேட்டரி வாங்கி வைத்துக்கொண்டாராம்.