ராத்திரி ரத்தம்

யானைக்கால் ஆராய்ச்சிக்கு வந்தவன் முதலில் தொலைப்பது தூக்கத்தை. இந்த நோயைத் தரும் வுச்செரேரியா பான்கிராஃப்டி என்ற புழு மனிதனின் நிணநீர்க் குழாய்களில் குடியிருந்துகொண்டு லட்சக்கணக்கில் குஞ்சுகளை ஈனும். அவற்றுக்கு மைக்ரோஃபைலேரியா என்று பெயர். ஆய்வகத்தில் யாரும் முழுப் பெயரைச் சொல்ல மாட்டோம், 'எம்.எஃப்.' என்றால் போதும். பகலில் இவை நுரையீரலின் நுண்குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். இரவு 10 மணி வாக்கில் தோலையொட்டிய ரத்தத்துக்கு வரத் தொடங்கி, நள்ளிரவையொட்டி நெரிசலாகி, விடிவதற்குள் உள்ளே போய்விடும். பகல் 11 மணிக்கு விரலைக் குத்தினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதே ஆளை இரவு 11 மணிக்குக் குத்தினால் ஒரு சொட்டில் பத்து இருபது நெளியும். அதனால் எங்கள் ஜீப் ஊருக்குள் நுழைவதே ஊர் படுக்கப் போன பிறகுதான்.

புதுச்சேரியைச் சுற்றியும் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக் கிராமங்களிலும் எங்களை 'ராத்திரி ரத்தம் எடுக்கிறவங்க' என்பார்கள். நாய்கள் குரைத்து ஓய்ந்த பிறகு திண்ணை திண்ணையாகப் போக வேண்டும். ஒரு வீட்டில் பேரப்பிள்ளையை எழுப்பியதும் பாட்டி பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, பகல்ல வந்தா ஆவாதா? தூங்குற புள்ளய எழுப்பிக் குத்துறீங்களே!"

எங்கள் களப்பணியாளர் உள்ளூர்க்காரர். "ஆயா, அந்தப் பூச்சி ராத்திரியிலதான் வெளிய வரும்" என்றார்.

"அப்போ அதுவும் எங்க ஊட்டு ஆம்பள மாதிரிதான்னு சொல்லு."

திண்ணையே சிரித்தது. பிள்ளை அழுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டோம். 20 மைக்ரோ லிட்டர் ரத்தம், கண்ணாடிச் சில்லில் மூன்று கோடுகளாக இழுத்துக் காய வைக்க வேண்டும். மறுநாள் அதைத் தண்ணீரில் முக்கினால் சிவப்பு கரைந்து போகும். ஜே.எஸ்.பி. சாயத்தில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தால், உறைக்குள் வளைந்து கிடக்கும் எம்.எஃப். நீலமாகத் தெரியும். உடல் முழுக்க உட்கருக்கள் வரிசையாக இருக்கும், வால் நுனியில் மட்டும் இருக்காது. வால் நுனியில் இரண்டு உட்கரு இருந்தால் அது புருகியா மலாயி, கேரளத்தில் சேர்த்தலை பக்கம் இருந்த வகை. புதிதாக வருபவர்களை அந்த வால் நுனியைப் பார்க்கப் பழக்குவதற்குள் கழுத்து வலி வந்துவிடும்.

இந்தப் புழுவின் கடிகாரம்தான் என்னை இந்தத் துறையில் பிடித்து வைத்தது. 1881இல் லண்டனில் ஸ்டீஃபன் மெக்கன்சி என்ற மருத்துவர், நோயாளி ஒருவரைப் பகலில் தூங்க வைத்து இரவில் விழித்திருக்கச் செய்தார். சில நாளில் எம்.எஃப்.களும் நேரத்தை மாற்றிக்கொண்டு பகலில் வெளியே வரத் தொடங்கின. நம் ஊரில் இதைப் பரப்பும் கியூலெக்ஸ் குவின்குவிஃபேசியேட்டஸ் கொசு நள்ளிரவை ஒட்டித்தான் அதிகம் கடிக்கும், புழுவும் அந்த நேரத்துக்கே வாசலுக்கு வருகிறது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு பரப்புகிற பசிபிக் தீவுகள் சிலவற்றில் இதே புழு பகலிலும் ரத்தத்தில் உலவும். மூளை என்று சொல்லத்தக்க ஒன்றே இல்லாத, கால் மில்லிமீட்டர் நீளப் பிராணி.

விடிந்தால் கொசு வேலை. வீடுகளுக்குள் கட்டிலடியிலும் துணிக்கொடியிலும் ரத்தம் குடித்த மயக்கத்தில் கொசுக்கள் உட்கார்ந்திருக்கும். டார்ச் அடித்து, உறிஞ்சு குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து இழுக்க வேண்டும். நடுவில் வலைத்துணி இருக்கிறது, கொசு வாய்க்குள் வராது என்று சொன்னாலும் முதல் வாரம் யாரும் நம்ப மாட்டார்கள். பிடித்ததை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து மயக்கி, இறக்கையையும் காலையும் கிள்ளிவிட்டு, சில்லில் ஒரு சொட்டு உப்புக்கரைசலில் கிடத்துவோம். இரண்டு ஊசிகளால் தலை, மார்பு, வயிறு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிச் சொட்டில் கிழித்துப் பார்க்க வேண்டும். வயிற்றில் எம்.எஃப். இருந்தால் அது நேற்றிரவு குடித்த ரத்தம். மார்புத் தசைக்குள் குட்டையாகத் தடித்துக் கிடந்தால் வளர்ந்துகொண்டிருக்கிறது. தலையைக் கிழிக்கும்போது நீளமாக, வேகமாக நீந்திக்கொண்டு ஒன்று வெளியே வந்தால், அது மூன்றாம் பருவம். உள்ளே போய் 10 முதல் 14 நாள் ஆன, மனிதனுக்குத் தொற்றத் தயாரான புழு. நூற்றுக்கணக்கான கொசுக்களைக் கிழித்தும் அந்த ஒன்று அகப்படாமல் போகும் நாட்களே அதிகம்.

அந்த அரிதான ஒன்றை வைத்துத்தான் இந்த நோயையே ஒழிக்கலாம் என்ற நம்பிக்கை வந்தது. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் பெருகும், இது பெருகாது. எத்தனை உள்ளே போனதோ அதற்கு மேல் வெளியே வர வழியில்லை. கொசு இதை ஊசி போடுவதைப் போல ரத்தத்தில் செலுத்துவதும் கிடையாது. கடிக்கும்போது தோலின் மேல் விழும் புழு, கடித்த துளையைத் தானே தேடிக்கொண்டு நுழைய வேண்டும், காய்ந்தால் செத்தது. 1960களில் ரங்கூனில் செய்த ஆய்வில், ரத்தத்தில் எம்.எஃப். தெரியும் அளவுக்கு ஒருவருக்குத் தொற்று ஏற்படச் சராசரியாக 15,500 தொற்றுள்ள கடிகள் தேவை என்று கணக்கிட்டார்கள். சுற்றுலாவுக்கு வந்து ஒரு கொசுக்கடி வாங்கியதற்கே யானைக்கால் வந்துவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லித்தான் அனுப்புவேன். அதே எண், கியூலெக்ஸ் மொய்க்கும் சாக்கடையோரத்தில் பிறந்து வளர்ந்தவரின் உடம்பில் எத்தனை கடி விழுந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

பேட்ரிக் மேன்சன் 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில், தன் வேலையாளைக் கடித்த கொசுக்களுக்குள் இந்தப் புழு வளர்வதைக் கண்டார். பூச்சி வழியே மனித நோய் என்ற துறையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் கொசு சில நாளில் தண்ணீரில் விழுந்து செத்துவிடும், அந்தத் தண்ணீரைக் குடிப்பதால்தான் மனிதனுக்கு வருகிறது என்று அவர் நினைத்தார். புழு கொசுவின் உறிஞ்சு குழலுக்குள்ளேயே இருப்பதை 1900இல்தான் பார்த்தார்கள். கொசுவை இரண்டு வாரம் உயிரோடு வைத்திருக்கத் தெரியாததுதான் இடையூறாக இருந்தது. எங்கள் கொசு வளர்ப்பறையில் அதற்கு ஊறவைத்த உலர்திராட்சை போதும்.

கொசு ஒழிப்பிலும் புதுச்சேரிக்கு ஒரு கதை உண்டு. நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்காக இங்கே 1975இல் தொடங்கிய ஆய்வு மையமான வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர், 1981 முதல் 1985 வரை நகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல் சாக்கடை, கிணறு, செப்டிக் டேங்க் என்று பிறப்பிடங்களையே மாற்றிப் பார்த்தது. திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மதுரை ஆய்வாளர்கள் கழிவுநீர்க் குழிகளிலும் கிணறுகளிலும் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். மணிகள் மேலே அடர்த்தியாக மிதந்தால் கொசுப்புழு மூச்சுவிட மேலே வர முடியாது, தாய்க்கொசு முட்டையிடவும் இடம் இருக்காது. வைகை அணைத் தெர்மாகோலைச் சொல்லிச் சிரிக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. குழிக்குள் அது மாதக்கணக்கில் வேலை செய்யும், அணையில் செய்யாது, அவ்வளவுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகும், இந்த வேலையில் எனக்கு ஆறாத ஒரு குறை உண்டு. நாங்கள் எண்ணியது புழுவை. ஊர் எங்களிடம் காட்டியது காலை.

வீங்கிய காலோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் ரத்தத்தில் பெரும்பாலும் எம்.எஃப். இருக்காது. புழு பல வருடம் குடியிருந்து நிணநீர்க் குழாயைப் பாழாக்கிவிட்டுச் செத்திருக்கும். பக்கத்து வீட்டில் பள்ளிக்கூடம் போகும், ஒரு குறையும் இல்லாத பெண்ணின் சில்லில்தான் எம்.எஃப். நெளியும். "உங்களுக்கு ரத்தத்துல ஒண்ணும் இல்லீங்க" என்று அவரிடமும், "பாப்பாவுக்கு இருக்கு, மாத்திரை சாப்பிடணும்" என்று அந்த வீட்டிலும் ஒரே இரவில் சொல்லிவிட்டு ஜீப் ஏற வேண்டும். முன்னவர் எங்களைப் பார்க்கும் பார்வைக்குப் பதில் எங்கள் படிவத்தில் இல்லை. நேர்மையாகச் சொன்னால், எங்கள் திட்டத்துக்கு அவர் பயன்படாத ஆள். ஒழிப்பு என்ற கணக்கில் வருவது அந்தப் பெண்தான்.

மாத்திரை கொடுக்கும் திட்டத்திலும் இதே சிக்கல். எம்.எஃப்.களைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரையை ஊரில் எல்லாருக்கும் வருடம் ஒருமுறை கொடுக்கும் சோதனை 1990களின் பிற்பாதியில் தொடங்கியது, தென்னாற்காடும் அதில் உண்டு. பிறகு அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரையும் சேர்ந்தது. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் டி.இ.சி. மூன்று, 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒன்று. இரண்டு வயதுக்குட்பட்டோரும் கர்ப்பிணிகளும் கடும் நோயாளிகளும் தவிர மற்ற எல்லாரும் விழுங்க வேண்டும். ரத்தத்தில் எம்.எஃப். நிறைய இருப்பவர் விழுங்கினால் அவை சாகும்போது காய்ச்சலும் தலைவலியும் வரும். "நல்லா இருந்த ஆள படுக்க வெச்சிட்டீங்க" என்று சண்டைக்கு வருவார்கள். காய்ச்சல் வந்தால் மருந்து பிடித்தது என்று பொருள் என நாங்கள் விளக்குவதற்குள் அடுத்த தெருவில் 'அது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை' என்று பேச்சு கிளம்பியிருக்கும். நோய் இல்லாதவரை மருந்து சாப்பிட வைப்பதும், நோய் தெரிகிறவரிடம் இது உங்கள் காலுக்கு இல்லை என்று சொல்வதும் ஒரே வாயால் நடக்க வேண்டும். கையில் வாங்கி இடுப்பில் முடிந்துகொண்ட மாத்திரைகளை நான் குறை சொல்ல மாட்டேன்.

காலுக்கு வைத்தியம் இல்லாமல் இல்லை, அது பெரிய விஞ்ஞானமாகத் தெரியாததால்தான் யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் போட்டி போடவில்லை. திரும்பத் திரும்ப நெறி கட்டி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, ஒவ்வொரு முறையும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கும். அமாவாசைக்கு வருது, பௌர்ணமிக்கு வருது என்பார்கள். காரணம் விரலிடுக்கில் இருக்கிறது. வெடிப்பு வழியே பாக்டீரியா நுழைகிறது. ஒரு வாளி தண்ணீரும் சோப்பும் வைத்துக்கொண்டு, மடிப்புக்கு மடிப்பு விரலை விட்டுக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் துடைத்து, விரலிடுக்கில் பூஞ்சைக் களிம்பு போட்டு, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தால் அந்தக் காய்ச்சல்கள் வெகுவாகக் குறையும். ஈரம் தங்கிய மடிப்பில்தான் நாற்றம் வரும். நாற்றம் நின்ற பிறகு கல்யாண வீட்டுக்குப் போய் வந்ததாக ஓர் அம்மா என்னிடம் சொன்னார். காலின் சுற்றளவு குறைந்ததா என்று நான் கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் மாத்திரை வழங்குவது நின்றுவிட்டது. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளின் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பட்டையில் விட்டால் சில நிமிடத்தில் புழு ரத்தத்தில் விடும் ஆன்டிஜென் என்ற பொருள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும், இரவில் போக வேண்டியதில்லை. கொசுக்களையும் இப்போது ஒவ்வொன்றாகக் கிழிப்பதில்லை. மொத்தமாக அரைத்துப் புழுவின் டி.என்.ஏ. தேடுகிறார்கள். இலங்கை 2016இல் உலக சுகாதார நிறுவனத்திடம் ஒழிப்புச் சான்று வாங்கிவிட்டது, இந்தியா 2027 என்று குறித்திருக்கிறது. சான்று கேட்கும் நாடு, வீங்கிய காலோடும் இதே புழுவால் வரும் விரைவீக்கத்தோடும் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு எங்கே என்ன வைத்தியம் என்றும் காட்ட வேண்டும். அதற்காகவாவது கிராமச் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுக்கிறார்கள். பெண்கள் காலைக் காட்டிவிடுகிறார்கள். விரைவீக்கம் உள்ள ஆண்கள், சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும் என்று சொன்னாலும், வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் போய்விடுகிறார்கள். அந்தப் பட்டியல் முழுமையாக வேண்டுமானால் செவிலியரோடு ஓர் ஆண் பணியாளரும் போக வேண்டும். போன கூட்டத்தில் இதைச் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.