முதலில் வரும் சின்னக் கேள்விகள்

சிறு வயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, வளர்ந்து பெரியவர்களான பிறகு உதவி தேடி வருகிறவர்களுக்கு ஆலோசகராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வருகிறவர்களில் அநேகமாக யாரும் நடந்ததை நேரே சொல்லத் தொடங்குவதில்லை. "நான் சொல்வதை எழுதி வைப்பீர்களா?", "வீட்டுக்குத் தகவல் போகுமா?", "பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாமா?" என்று சின்னச் சின்னக் கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறார்கள். தொலைபேசியில் அழைப்பவர்களில் பலர் ஒரு தோழிக்காக விசாரிப்பதாகச் சொல்வார்கள். நான் அதைத் துருவுவதில்லை. தோழிக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை முழுமையாகச் சொல்கிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்விகளின் கனம் எனக்குத் தெரியவில்லை. நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண் அப்போது வந்தார். அவருடைய அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். கைப்பையை மடியிலிருந்து இறக்காமல், அதன் ஜிப்பை இரண்டு விரலளவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கதவு தாழிடப்பட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். ஒன்பது வயதில் உறவினர் ஒருவரால் தனக்கு நேர்ந்ததை அவர் பூடகமாகச் சொன்னபோது, "அப்போதே அம்மாவிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டேன். ஜிப்பின் சத்தம் நின்றது. "சொன்னேன்" என்றார். அன்று அதற்கு மேல் பேசவில்லை. மறுபடி வரவும் இல்லை. அவர் நம்பிச் சொன்ன முதல் ஆள் அவருடைய வாயை அடைத்திருக்கிறார். அத்தனை ஆண்டுகள் கழித்து அவர் தேடி வந்த நானோ அவரைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

"ஏன் அப்போதே சொல்லவில்லை" என்று உலகம் கேட்கும் கேள்விக்கு, மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983-லேயே விளக்கம் எழுதிவிட்டார். இரகசியத்துக்குள் அடைக்கப்பட்டு, எதிர்க்கவும் தப்பவும் வழியில்லாத குழந்தை, தன்னை வதைப்பவரோடேயே வாழப் பழகிக்கொள்கிறது. பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கி, யாரும் நம்பாத விதத்தில் சொல்கிறது. குடும்பம் குலைவதைக் கண்டு அஞ்சி, சொன்னதையே மறுத்தும் விடுகிறது. ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களுக்குள் நடந்த இத்தகைய கொடுமைகளை 2013 முதல் 2017 வரை விசாரித்த அரச ஆணையம், பாதிக்கப்பட்ட 8,000-க்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனியாகச் சந்தித்துக் கேட்டது. அவர்கள் முதன்முதலில் வாய் திறக்கச் சராசரியாக எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ 24 ஆண்டுகள். அத்தனை காலம் சுமந்த ஒருவர் என் எதிரே வந்து அமரும்போது, கதவைப் பற்றிக் கேட்பது எப்படி அற்பமான கேள்வியாகும்?

இப்போது வருகிறவரின் நாற்காலியைக் கதவுக்கு அருகில், வழி மறிக்கப்படாமல் போட்டுவைக்கிறேன். கதவு எப்படித் திறக்கும் என்பதை எழுந்து சென்று காட்டுகிறேன். எதை இரகசியமாகக் காப்பேன், எதைக் காக்க முடியாது என்பதை அவர் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். இன்னொரு குழந்தை இப்போது ஆபத்தில் இருப்பது தெரியவந்தால் அதை அறிவிக்கும் கடமை எனக்கு உண்டு. அவர் எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இதைச் சொன்னால், நம்பியவர் ஏமாற்றிய பழைய அனுபவத்தையே மறுபடி கொடுத்தவளாவேன். தன் உடல் மீதே உரிமை மறுக்கப்பட்டு வளர்ந்தவருக்கு, எதை எப்போது எவ்வளவு சொல்வது என்ற உரிமையை முழுதாக விட்டுக்கொடுப்பதே நான் செய்யக்கூடிய முதல் உதவி என்று நம்புகிறேன்.

நடந்த கதை முழுவதையும் உடனே சொல்லித் தீர்த்தால்தான் குணமாகும் என்று நினைத்து வருகிறவர்கள் பலர். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் மீட்சியின் படிநிலைகளை வகுத்தபோது, நினைவுகூர்ந்து துக்கிப்பதற்கு முன்னால் பாதுகாப்பு உணர்வை வைத்தார். என் அனுபவமும் அதுவே. தூக்கம் சீராக வேண்டும்; பழைய காட்சி திடீரென்று கண்முன் எழும்போது பாதங்களைத் தரையில் அழுத்தி, சுற்றிலும் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இந்த நேரத்துக்கும் இந்த இடத்துக்கும் திரும்பப் பழக வேண்டும். இத்தகைய மனக்காயத்துக்கென்றே வகுக்கப்பட்ட சிகிச்சைகள் அதன் பிறகு நன்றாக உதவுகின்றன.

ஆண்கள் பெரும்பாலும் இன்னும் தாமதமாகவே வருகிறார்கள். கொடுமை நடந்தபோது உடல் தானாகக் காட்டிய எதிர்வினையை நினைத்து, தானும் உடன்பட்டுவிட்டதாகப் பல பத்தாண்டுகள் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உடலின் அனிச்சைச் செயல் சம்மதம் ஆகாது, குழந்தையால் சம்மதம் தரவே முடியாது என்பதை ஒருமுறை சொன்னால் போதாது. அவசரப்படாமல், தேவைப்படும்போதெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்றொரு நிபுணரிடம் அனுப்ப நேர்ந்தால், எண்ணை எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவதை நான் விட்டுவிட்டேன். அவர் சம்மதித்தால் அவர் முன்னிலையிலேயே அழைத்துப் பேசுகிறேன். எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதை அவரே முடிவு செய்கிறார். "இத்தகைய பாதிப்புள்ளவர்களோடு பணியாற்றியிருக்கிறீர்களா, எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள் என்று நீங்களும் அவரைக் கேட்கலாம், மனத்துக்கு ஒவ்வாவிட்டால் வேறொருவரைத் தேடலாம்" என்றும் சொல்லி அனுப்புகிறேன். புது இடத்தில் மறுபடி அடியிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தாலேயே பாதி வழியில் நின்றுவிட்டவர்கள் பலர்.

அண்மையில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்து, சில நிமிடங்கள் பேசிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். நான்காவது முறை, "போன வாரம் பேசியவர் நீங்கள்தானா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அப்படியானால் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை, இல்லையா?" என்றார். வேண்டியதில்லை என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் ஓசை மறுமுனையில் கேட்டது.