மேற்கட்டி: வைகாசி நாட்குறிப்பு

மே 21, புதன்

அம்மாவின் சதைத்துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியாகிவிட்டது. முடிவு வர இரண்டு கிழமை ஆகும், கூடவும் ஆகலாமாம். அம்மா கேட்டது ஒன்றுதான். "சடங்குக்கு முன்ன வீட்ட போயிரலாமாகா?" கண்ணகை அம்மன் கோயில் சடங்குக்குக் கதவு திறக்க இன்னும் பதின்மூன்று நாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு எழும்பினேன்.

மே 22, வியாழன்

கச்சான் காற்று. ஜன்னலுக்கு வெளியே வாவி கண்ணைக் கூசுகிறது. எழுத ஒன்றும் இல்லை.

மே 24, சனி

காலை வகுப்பு. ஒத்திவைக்கத்தான் நினைத்தேன், வெளிவாரிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை கிட்டுகிறது. சமூகவியலாளர் பீற்றர் பேர்கரைப் படிப்பிக்க வேண்டிய கிழமை. 1966இல் தொமஸ் லுக்மனோடு சேர்ந்து அவர் எழுதிய நூலில் தொடங்கினேன். நாங்கள் வாழ்கிற சமூக உலகம் மனிதர் செய்தது. செய்து முடிந்ததும் அது மலை மாதிரி எங்களுக்கு வெளியே போய் நிற்கிறது. அப்புறம் பிறக்கிற பிள்ளைக்குள் புகுந்து அதன் மனமாகவே ஆகிவிடுகிறது. இந்த மூன்றையும் பலகையில் எழுதினால் மனப்பாடம் செய்துவிட்டுப் போவார்கள் என்று குடி வழமையை, அதாவது எங்கள் தாய்வழிக் குல வழக்கத்தை, எடுத்தேன். என்ன குடி என்று கேட்டால் தாயின் குடியைச் சொல்கிறோம். யாரோ எப்போதோ உண்டாக்கிய வழக்கம்தான். ஆனாலும் கோயிலில் குடிகுடியாக அழைத்து மரியாதையாகக் காளாஞ்சி கொடுக்கும்போது அது இரத்தத்தில் இருப்பதாகவே படுகிறது. பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

1967இல் மதத்தைப் பற்றி எழுதிய நூலின் தலைப்புக்குத் தமிழ் சொல்ல வேண்டி வந்தது. என் பழைய குறிப்பில் 'புனித விதானம்' என்று இருக்கிறது. யாருக்கும் ஒட்டவில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, "மேற்கட்டியா மிஸ்?" என்றாள்.

அதுதான் சொல். இத்தனை வருடம் எனக்கு வரவில்லையே. தலைக்கு மேல் நாலு மூலையும் இழுத்துக் கட்டுகிற வெள்ளை. அதற்கு மேலே வானம் வெறுமையாகத்தான் கிடக்கும், ஆனால் கீழே நிற்கிறவருக்கு அது தெரியாது. மனிதர் தமக்கென்று ஓர் ஒழுங்கைக் கட்டி, அது பிரபஞ்சத்தின் ஒழுங்கேதான் என்று தலைக்கு மேல் விரித்துக்கொள்வதுதான் மதம் என்கிறார் பேர்கர். சாவு அந்தத் துணியைக் கிழிக்க வருகிறபோதுதான் அது எவ்வளவு தாங்கும் என்று தெரியும்.

பின்னேரம் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போனேன். அம்மா பாதி இடியப்பம் சாப்பிட்டார்.

மே 27, செவ்வாய்

இரவு மூன்றரை மணி. அம்மா திடுக்கிட்டு எழும்பி என் கையைப் பிடித்தார். "லைட்டப் போடுகா." மற்றவர்கள் நித்திரை, லைட் போட முடியாது. போன் வெளிச்சத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தேன். "நான்தான் அம்மா. ஒண்டுமில்ல."

"எல்லாம் சரிதானே?"

"ஓம். எல்லாம் சரி."

கை தளர்ந்தது. ஐந்து நிமிடத்தில் மூச்சு சீராகிவிட்டது. எனக்குத்தான் விடியும்வரை நித்திரை இல்லை.

1969இல் பேர்கர் எழுதிய சிறிய நூலில் இதே காட்சி இருக்கிறது. இருட்டில் பயந்து அழுகிற பிள்ளை. தாய் வந்து விளக்கைப் போட்டு, தூக்கி வைத்துக்கொண்டு, பயப்படாதே, எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறாள். உலகத்துத் தாய்மார் எல்லாரும் சொல்கிற பேச்சு. அங்கே பேர்கர் கேட்கிறார்: தாய் பிள்ளைக்குப் பொய் சொல்கிறாளா? கண்ணுக்குத் தெரிகிற இந்த உலகம் மட்டும்தான் உண்மை என்றால், அவளும் சாவாள், பிள்ளையும் ஒருநாள் சாகும். அப்படியானால் அது பொய்தான், அன்பினால் சொன்ன பொய். மதம் சொல்வதில் உண்மை இருந்தால் மட்டுமே அவள் சொன்னது முழு உண்மை.

பதினைந்து வருடமாக இந்தப் பகுதியைப் படிப்பிக்கிறேன். அதில் தாய் நான் என்று நினைத்ததே இல்லை. பிள்ளையாக அம்மா இருப்பார் என்றும் நினைத்ததில்லை.

மே 28, புதன்

எல்லாம் சரி என்று சொன்ன வாய்க்கு இன்று சோறு இறங்கவில்லை.

மே 31, சனி

வகுப்பு இல்லை. அண்ணி வாட்டில் நிற்க, நான் வீட்டுக்கு வந்தேன். சாமியறையைத் திறந்து பத்து நாள். படங்களுக்கு மேலே அம்மா கட்டியிருக்கும் வெள்ளையின் ஒரு மூலை ஆணியிலிருந்து கழன்று பிள்ளையார் முகத்தை மூடியிருந்தது. கதிரையில் ஏறி அவிழ்த்தேன். அப்பாவின் பழைய வேட்டித் துண்டு அது. நடுவில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு வட்டம், கர்ப்பூரப் புகை ஏறிய இடம். ஓரத்தில் பல்லி எச்சம், இரண்டு நுளம்பு, காய்ந்த செவ்வரத்தை இதழ் ஒன்று. இதழ் எப்படி மேலே போனதோ. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கசக்கினேன். எல்லாம் போயிற்று, வட்டம் போகவில்லை. வெயிலில் காயப்போட்டு அப்படியே திரும்பக் கட்டிவிட்டேன்.

2004 சுனாமிக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அம்மா இந்த அறையைத் திறக்கவே இல்லை. நாவலடியில் சின்னம்மா வீடு இருந்த இடத்தில் மணல் மட்டும் கிடந்தது. நாங்கள் யாரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முன்வீட்டு மாமி வந்து, "தீப்பெட்டி எங்ககா?" என்று கேட்டுவிட்டுத் தானே விளக்கை ஏற்றினார். அடுத்த வெள்ளியும் வந்தார். எத்தனை வெள்ளி என்று நினைவில்லை. ஒருநாள் மாமி வருவதற்கு முன்பே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு நம்பிக்கை நிற்க, அதைச் சந்தேகமில்லாமல் பேசிக்கொண்டும் செய்துகொண்டும் இருக்கிற ஆட்கள் சுற்றிவர வேண்டும் என்கிறார் பேர்கர். அந்த ஆட்கள் கலைந்தால் நம்பிக்கையும் ஆட்டம் காணும். இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'ஏற்புடைமைக் கட்டமைப்பு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனி அந்த இடம் வரும்போது தீப்பெட்டி கேட்ட மாமியைச் சொல்வேன்.

ஜூன் 3, செவ்வாய்

கண்ணகை அம்மன் கதவு திறந்தாயிற்று. அண்ணி போனில் பறையும் குரவையும் பிடித்து அனுப்பியிருந்தார். அம்மாவின் காதருகே வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், உதடு மட்டும் அசைந்தது. கண்ணகி கதையைப் பாடும் வழக்குரை அவருக்கு முக்கால்வாசி பாடம்.

முடிந்ததும் சொன்னார். "மடிப்பிச்சை எடுத்துப் பொங்குறன் எண்டு நேந்துட்டன். என்னால ஏலாது. நீ எடுகா."

நானா? ஓம் என்று வாய் சொல்லிவிட்டது. நம்பாத நான் நம்புகிறவரின் நேர்த்தியைத் தீர்க்கலாமா? இதுவும் அந்த மூன்றரை மணிப் பேச்சு மாதிரித்தானா?

ஜூன் 5, வியாழன்

முடிவு இன்னும் வரவில்லை. இரண்டு கிழமை கடந்துவிட்டது. யாரைக் கேட்டாலும் மற்றவரைக் கை காட்டுகிறார்கள்.

துன்பம் ஏன் என்ற கேள்விக்கு மதங்கள் கண்ட விடைகளில் மிகவும் தர்க்கத்தோடு இசைந்தது கர்ம வினைதான் என்று சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சொன்னார், பேர்கரும் அதைத் தொடர்ந்தார். பலகையில் எழுத நன்றாக இருக்கிறது. "நான் செஞ்ச வினை" என்று அம்மா இன்று சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது? என்ன செய்தார் இவர்? மூன்று பிள்ளைகளை வளர்த்தார், பாய் இழைத்தார், பிட்டு அவித்தார். சின்னம்மா என்ன செய்தார்? அந்தக் கரையில் போன குழந்தைகள் என்ன செய்தார்கள்?

வாட்டை விட்டு வெளியே வந்து வாவிக்கரையில் நின்று அழுதேன்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். பக்கத்துக் கட்டில் காத்தான்குடி உம்மாவைப் பார்க்கப் பேரப்பிள்ளைகள் புது உடுப்போடு வந்தார்கள். உம்மா முதல் வட்டிலப்பத் துண்டை அம்மாவுக்குத்தான் கொடுக்கச் சொன்னார். இந்த இரண்டு கிழமையும் இரண்டு பேருக்கும் ஓயாத பேச்சு. 1978 சூறாவளி, மருமக்கள், கால் வீக்கம். "அல்லாஹ் லேசாக்குவான்" என்பார் உம்மா. "அம்மாள் பாத்துக்குவா" என்பார் அம்மா. ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தியதில்லை. நேற்று இரவு அம்மா முனகியபோது உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி எழும்பி உட்கார்ந்திருந்தார்.

பேர்கர் தன் இளமையில் வேறு மாதிரி நினைத்தார். பல மதங்கள் அருகருகே வந்தால் எதுவும் 'இப்படித்தான்' என்ற உறுதியோடு நிற்காது, நம்பிக்கை கரைந்துபோகும் என்று. 1968இல் நியூயோர்க் டைம்ஸுக்குச் சொன்னார், 21ஆம் நூற்றாண்டில் நம்புகிறவர்கள் சிறு சிறு குழுக்களாக ஒடுங்கித்தான் இருப்பார்கள் என்று. பிறகு உலகத்தைப் பார்த்து, தான் நினைத்தது பிழை என்றார். 1999இல் தொகுத்த நூலில் அதை வெளிப்படையாக எழுதினார். தன் பேரை உயர்த்திய கருத்தைத் தானே பிழை என்று எழுதிய ஒருவரை நான் மதிக்கிறேன். 88 வயதில், 2017இல் போனார். அதற்கு மூன்று வருடம் முன்புதான் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: பன்மை தெருவில் மட்டும் இல்லை, ஒரே ஆளின் மனதுக்குள்ளும் இருக்கிறது. மதத்தின் பேச்சும் மதம் சாராத பேச்சும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இடம் பார்த்து மாறிக்கொள்ளும்.

அம்மாவின் தகர டப்பாவைத் திறந்து பார்த்தேன். எட்டு மணிக் குளிசை, இரவுக் குளிசை, திருநீற்றுப் பொட்டலம், மாமாங்கக் கோயில் காப்பு நூல். எது எப்போது என்று அம்மாவுக்கு ஒருநாளும் மாறியதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மடிப்பிச்சை எடுத்தேன்.

விடியற்காலை முழுகி, அம்மாவின் மஞ்சள் சேலையைக் கட்டி, முந்தானையை மடியாக முடிந்துகொண்டு இறங்கினேன். முதல் படலையில் நின்றபோது கால் நடுங்கியது. என்னிடம் படித்த பிள்ளையின் வீடு அது. அவளுடைய தாய் ஒன்றும் கேட்காமல் சுளகில் அரிசி கொண்டுவந்தார். இரண்டு கையாலும் அள்ளி மடியில் போட்டு, "அம்மாக்குச் சுகம் வரும்கா" என்றார். அடுத்த வீட்டில் கிழவி ஒருவர் அரிசியோடு பத்து ரூபாய்க் குற்றியையும் போட்டார். அதற்கடுத்த வீட்டுத் தாயோடு அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு எங்களுக்குப் பேச்சில்லை. கதவுக்குள் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வந்து எல்லாரையும் விடக் கூடுதலாகப் போட்டார். வாய் திறக்கவில்லை, கண் கலங்கியிருந்தது.

ஒன்பது வீடு. பச்சையரிசி, சிவப்பரிசி, சம்பா எல்லாம் கலந்து கிடந்தது. கடைசி வீடு முடியும்போது மடி வயிற்றை இழுத்தது, இடுப்பு நொந்தது. திரும்பி வருகிறபோது இரண்டு கையாலும் அடியில் தாங்கிக்கொண்டுதான் நடந்தேன், ஐந்தாறு மாத வயிற்றைத் தாங்குவது போல. நீ நம்புகிறாயா என்று ஒன்பது வீட்டிலும் ஒருவரும் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

அம்மா கேட்டார், "எத்தின வீடு?" சொன்னேன். "அவவும் போட்டாவா?" போட்டா என்றேன். அம்மா மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஜூன் 10, செவ்வாய்

குளிர்த்தி, அம்மனைக் குளிர்விக்கிற கடைசிச் சடங்கு. பொங்கிப் படைத்தேன். கோயிலில் கட்டியிருந்த மேற்கட்டியைத்தான் இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்றுக்கு நடுவில் உப்பி, திரும்பத் தாழ்ந்து, திரும்ப உப்பியது. பூசை செய்கிற கப்புகனார் வாய்க்கட்டோடு வேப்பிலையால் தண்ணீர் தெளித்தபோது சனம் முழுக்கக் குரவை போட்டது. என் வாயிலிருந்தும் வந்தது. அதைப் பற்றி இப்போது யோசிக்க விரும்பவில்லை. அம்மாவுக்கு ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

முடிவு வந்துவிட்டதாம். பத்து மணிக்கு வரச் சொல்லி வாட்டுத் தாதி மிஸ்ஸி போன் எடுத்தார், குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஒட்டோ வாசலில் நிற்கிறது. போத்தலைப் பையில் வைத்தேனா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டேன். வாட்டுக்குப் போனதும் முதலில் அம்மாவின் நெற்றியில் தண்ணீர் தெளித்துவிட்டு, அப்புறம்தான் டொக்டரின் அறைக்கு