"ரெண்டு பேரை"

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் எங்கள் விசைப்படகு பாம்பன் கரையில்தான் கிடக்கும். பகலில் வலை பொத்துவேன், ராத்திரி போனில் படம். இந்த வருஷம் முழுக்க ஹாலிவுட்காரர் பர்ட் கென்னடி எழுதிய கௌபாய் படங்கள். அதில் ஒன்றின் ஆரம்பத்தை மட்டும் இருபது தடவையாவது பார்த்திருப்பேன்.

'செவன் மென் ஃப்ரம் நவ்', 1956. ராத்திரி, மழை கொட்டுகிறது. பாறை மறைவில் ரெண்டு பேர் தீ மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நனைந்துபோய் மூன்றாவது ஆள் வருகிறார், படத்தின் ஹீரோ ராண்டால்ஃப் ஸ்காட். காபி கொடுக்கிறார்கள். சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊரில் நடந்த கொள்ளையையும் கொலையையும் பற்றிப் பேச்சு வருகிறது. செஞ்சவங்களைப் பிடிச்சாங்களா என்று கேட்கிறான் ஒருத்தன். "ரெண்டு பேரை" என்கிறார் ஸ்காட்.

அவ்வளவுதான். அடுத்து வெளியே நிற்கும் குதிரைகளும் வெடிச் சத்தமும். அந்த ரெண்டு பேர் இவர்கள்தான் என்று நமக்கு அப்போதுதான் உறைக்கிறது. அந்தக் கொள்ளையில் செத்தது அவர் மனைவி என்பதெல்லாம் பின்னால்தான் தெரியும்.

கென்னடி 1922இல் மிச்சிகனில் பிறந்தவர். அப்பா அம்மா மேடையில் ஆடிப் பிழைத்தவர்கள், சின்னப் பிள்ளையிலேயே இவரும் மேடை ஏறிவிட்டார். பிறகு ராணுவம், போர் முடிந்ததும் ரேடியோவுக்கு எழுத்து. அப்புறம் நடிகர் ஜான் வெய்னின் படக் கம்பெனியில் வேலை. 'செவன் மென்' கதையில் வெய்னே நடித்திருக்க வேண்டியது. அவர் 'தி சர்ச்சர்ஸ்' படத்துக்குப் போய்விட்டதால் ஸ்காட்டுக்கு வந்தது. இயக்கியவர் பட் பெட்டிகர். 1957, 1959, 1960 என்று அந்த மூவர் கூட்டணியில் இன்னும் மூன்று படங்கள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம்தான். பொட்டல் காடு, குதிரை, நாலைந்து பேர். அதற்கு மேல் கென்னடிக்கு எதுவும் தேவைப்படவில்லை.

பின்னாளில் அவரே டைரக்டர் ஆனார், 'தி வார் வேகன்' மாதிரி பெரிய படங்களும் எடுத்தார். எனக்கு எழுத்தாளர் கென்னடிதான் உசத்தி. அந்த மூன்றில் முதலாவதான 'தி டால் டி' வில்லனை நினைத்தால் இன்னும் மனசு பாரமாகிறது. எல்மோர் லெனார்டின் சிறுகதையிலிருந்து எடுத்த படம். பணயமாகப் பிடித்து வைத்திருக்கும் ஆளிடமே, தனக்கும் ஒருநாள் சொந்தமாக நிலம் வேண்டும் என்கிறான். பேசத் துணையில்லாத மனுஷன்.

நானும் ஒரு குறும்படத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வல்லம் என்கிற நாட்டுப்படகை விற்ற காசில் அண்ணன் தம்பிக்குள் தகராறு, ஏழு வருஷம் பேச்சில்லை, பிறகு ஒருநாள் தம்பி அண்ணன் வீட்டுக்கு வருகிறான். அந்தச் சீன் மட்டும் ஏழு பக்கம் எழுதியிருந்தேன். பழைய கணக்கு, அழுகை, மன்னிப்பு எல்லாம் வசனத்தில் இருந்தது.

நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. இது எங்கள் அப்பா, சித்தப்பா கதை. அன்றைக்கு அப்பா வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். சித்தப்பா வந்து திண்ணை ஓரமாக உட்கார்ந்தார். அம்மா வரக்காப்பி கொண்டுவந்து வைத்தாள். ரொம்ப நேரம் கழித்து அப்பா நிமிராமலே கேட்டார்.

"மண்டபத்துல கச்சான் காத்து எப்படி?"

"நேத்து எடுத்துச்சுண்ணே."

அப்பா வலையின் மறு முனையை அவர் பக்கம் தள்ளிவிட்டார். சித்தப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஊசியில் நூல் சுற்ற ஆரம்பித்தார். நூல் விரலில் ரெண்டு தடவை சிக்கியது. ஏழு வருஷத்தில் கை மறந்திருந்தது. அப்பா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

இத்தனை நாள் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு பக்கம் கத்த வைத்திருக்கிறேன். போன வாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அரைப் பக்கம் வந்திருக்கிறது. படகு இறங்க இன்னும் ஒன்பது நாள், அதற்குள் எடுத்துவிட வேண்டும். தம்பியாக நடிக்கச் சித்தப்பா சம்மதித்துவிட்டார். அப்பாவிடம்தான் இன்னும் கேட்கவில்லை.