டிரெய்லரின் வாலில் ஒரு ஸ்டியரிங்

நெய்வேலிக்கு டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிய வண்டி கடலூர் பக்கம் வருகிறது என்று தெரிந்தால், எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடிவிடுவேன். முன்னால் இழுக்கும் புல்லரைத்தான் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். என் கண் முழுக்க பின்னால் சுமையைத் தாங்கும் டிரெய்லரின் ஹைட்ராலிக் ஆக்சிலில், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் அச்சுகளில். ஒரு வரிசை டயர் பள்ளத்தில் இறங்கும், அடுத்தது மேட்டில் ஏறும், மேலே சுமை அசையவே அசையாது. சிலிண்டர்களை எண்ணெய்க் குழாய்களால் இணைத்திருப்பதால் பாரம் அச்சுகளுக்குச் சமமாகப் பிரிந்துவிடுகிறது. எவ்வளவு அருமையான மூளை!

இந்தக் கனரக வண்டி வம்சத்தில் எனக்கு உயிர், இங்கிலாந்தின் ஸ்கேமல் கம்பெனி செய்த 100 டன்னர் என்ற லாரிதான். 1929-இல் வந்தது. செய்ததே மொத்தம் 2 வண்டி. ரயில் இன்ஜினையே சுமந்து துறைமுகத்துக்குப் போயிருக்கிறது. டிரெய்லரின் வாலில் ஒருவர் உட்கார்ந்து பின்சக்கரங்களைத் திருப்புவார், முன்னால் இருக்கும் டிரைவரோடு பேச டெலிபோன். அந்தக் காலத்திலேயே! வாட்ஃபோர்டில் இருந்த ஸ்கேமல் தொழிற்சாலையை 1988-இல் மூடிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, ஒரு உதவி. நெய்வேலி அனல்மின் நிலையம் எழும்பிய காலத்தில் இந்தப் பக்கம் ஓடிய கனரக வண்டிகளின் படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.